பாஸ்கோவுக்கு எழுதிய மரண அறிவித்தல்

கார்த்திகை பிறந்துவிட்டால் சுவிசின் லாங்கன்தால் ஊரின் மேல் மூடுபனி வந்து உட்கார்ந்துவிடும். வெயில் வேண்டுமென்றவர்கள் காரை எடுத்துக்கொண்டு மலைக்குப் போவார்கள். ஜெயகௌரிக்கு அந்தக் கொடுப்பினையெல்லாம் கிடையாது. கிழமை முழுக்க முதியோர் இல்லத்தில் கிழவர் கிழவிகளைத் தூக்கி இருத்தி, குளிப்பாட்டி, சாப்பாடு தீத்திவிட்டு வருகிறவளுக்குச் சனிக்கிழமை என்றால் குசினிதான். அன்று காலையும் குசினியில்தான் நின்றாள். ஒரு அடுப்பில் உருளைக்கிழங்கு அவிந்துகொண்டிருந்தது. மற்றதில் டின் மீனை வெங்காயம், பச்சைமிளகாயோடு போட்டுப் பிரட்டிக்கொண்டிருந்தாள். பின்னேரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கு ரோல்ஸ்.

ரோல்ஸ் பாஸ்கோவுக்கு. டென்சில் பாஸ்கோ என்பது முழுப்பெயர். இந்த நாட்டில் முதலாளியை ஷெஃப் என்று கூப்பிடுவது வழக்கமாகையால் தமிழ்ச் சனத்துக்கும் அவர் ஷெஃப்தான். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கோர்ன்வால் என்ற இடத்தில், வெள்ளீயச் சுரங்கத்தில் வேலைசெய்த ஒருவரின் மகனாகப் பிறந்தவர். அங்கே சுரங்கத்துக்குப் போகிறவர்கள் மடித்துச் சுட்ட மாவுக்குள் இறைச்சியும் கிழங்கும் வைத்துக் கட்டிக்கொண்டு போவார்களாம். முதன்முதலில் ஜெயகௌரியின் ரோல்ஸைக் கடித்தபோது, இது என் அம்மா சுட்டதுதான், ஆனால் அம்மாவுக்குக் கோபம் வந்த நாளில் சுட்டது என்றார். உறைப்பைத்தான் அப்படிச் சொன்னார். அன்றிலிருந்து மாதத்தில் ஒரு தடவையாவது ரோல்ஸ் போகும்.

பதினெட்டு வயதில் பட்டாளத்தில் சேர்த்து அவரை மலாயாவுக்கு அனுப்பினார்கள். இறப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இரண்டு வருடம். பால் வெட்டுகிற தமிழரிடம் நாலு சொல் தமிழும் பொறுக்கிக்கொண்டார். ஊர் திரும்பியபின் ஆங்கிலம் படிக்க வந்திருந்த ரூத் என்ற லாங்கன்தால் பெட்டையைக் கண்டு, அவளுக்குப் பின்னாலேயே இங்கே வந்துவிட்டார். மாமனார் ஒரு கொட்டிலில் ஸ்பிரிங் வளைத்துக்கொண்டிருந்தார். மருமகன் அதைத் தொழிற்சாலையாக்கினார். கட்டில் மெத்தையிலிருந்து கார்க் கதவுவரை பாஸ்கோவின் ஸ்பிரிங் போகாத இடமில்லை. பிள்ளைகள் இல்லை. உழைத்ததில் பாதி ஊருக்கே போனது. நீச்சல் குளத்துக்குக் கூரை, சங்கீதப் பள்ளிக்கு வயலின்கள், ஆற்றங்கரை நெடுகச் சனம் இருந்து இளைப்பாற வாங்குகள். ஒன்றிலும் பெயர் போட விடவில்லை. பெயர்ப்பலகை வைத்தால் அதில் புறாதான் எச்சம் போடும் என்பது அவருடைய கட்சி.

ஜெயகௌரியின் புருசன் சிவலிங்கம் வந்திறங்கிய காலத்தில், கறுத்தப் பெடியள் எதிரே வந்தால் வீதியின் மற்றப் பக்கத்துக்கு மாறுகிற சனம்தான் கூட. அகதி முகாமுக்கு ஒருநாள் காரில் வந்திறங்கிய வெள்ளைக்காரர், மலாயாத் தமிழில் "வேலை வேணுமா?" என்று கேட்டபோது, பொலிஸ் ஏதோ பொறி வைக்கிறது என்று நினைத்து எல்லாரும் பேசாமல் நின்றார்கள். சிவலிங்கம்தான் முதலில் கை தூக்கினான். பிறகு அவனுடைய அகதிக் கோரிக்கையை நிராகரித்துத் திருப்பி அனுப்பப் பார்த்தபோது, பட்டாளப் பதக்கங்களைக் கோட்டில் குத்திக்கொண்டு தலைநகர் பேர்னுக்குப் போய், இவன் போனால் என் மெஷினும் நிற்கும் என்று சொல்லி, ஒரு பதில் கிடைக்கும்வரை வாசலில் குந்தியிருந்தவர் பாஸ்கோ. தொழிற்சாலைச் சாப்பாட்டு மண்டபத்தைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குத் தந்தார். சித்திரை வருடப்பிறப்புக்குக் கைவிசேஷம் என்று ஒன்று இருப்பது தெரிந்தபிறகு, வெற்றிலை எங்கே விற்கும் என்று கேட்டு வாங்கிவைத்து, டை கட்டிக்கொண்டு மெஷினுக்கு மெஷின் போய் நாணயத்தை வெற்றிலையோடு கையில் வைப்பார். ரூத் செத்து, தொழிற்சாலையும் கைமாறிய பிறகு அவர் பெரிய வீட்டில் தனியாக இருந்தார்.

புரட்டாதியில் குளியலறையில் விழுந்தார். இடுப்பெலும்பு வெடித்து, பிறகு சளியும் பிடித்து, ஆஸ்பத்திரிக் கட்டிலோடு கிடந்தார். இனித் தனியாக இருக்க விடமாட்டோம் என்று டாக்குத்தர்மார் சொல்லிவிட்டார்கள். அவருடைய வீடும் இனி அவருடையதல்ல. அதையும் பாலர் பாடசாலைக்கென்று முந்தியே ஊருக்கு எழுதிவிட்டிருந்தார். தம்பியுடைய மகள் டாம்சின் கோர்ன்வாலில் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பிடித்து, வருகிற திங்கட்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. அங்கே அவரைத் தெரிந்தவர்கள் என்று இருந்ததெல்லாம் கல்லறையில்.

இந்த ஏற்பாட்டுக்கு முதல் சிவலிங்கம் ஒரு சொல் கேட்டுப் பார்த்தான்.

"மதுஜான்ரை அறை கீழை சும்மாதானே கிடக்கு, கௌரி."

மகள் மதுஜா வேலை கிடைத்து அட்லிஸ்வில்லுக்குப் போய்விட்டாள். அறை சும்மாதான் கிடந்தது. ஆனால் ஜெயகௌரி பிடி கொடுக்கவில்லை.

"அறை கிடக்கு. ஆர் தூக்கிறது? அங்கையும் தூக்கி இஞ்சையும் தூக்கினா, பேந்து என்னை ஆர் தூக்கிறது? அந்த மனிசனுக்குச் சொந்தம் இருக்கு. நாங்கள் அவருக்கு ஆர்?"

அதில் பிழை சொல்ல முடியாது. அவளுடைய முதுகு அவளுக்குத்தான் தெரியும். சிவலிங்கம் ஆஸ்பத்திரிக்குப் போய், வீடு சின்னது ஷெஃப், என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்லிவிட்டு வந்தான். மதுஜாவின் பிறந்தநாளுக்கு அந்த வீட்டுக்கு வந்து, அந்த அறை வாசலில் நின்று படமெடுத்தவர் பாஸ்கோ. தனக்காகத்தான் புருசன் பொய் சொன்னான் என்பது ஜெயகௌரிக்கு முள்ளாகத் தைத்துக்கொண்டேயிருந்தது. முள்ளை எடுக்க வழி தெரியாமல் ரோல்ஸ் சுட்டாள்.

அப்போதுதான் தம்பித்துரை அண்ணையின் தொலைபேசி வந்தது. தம்பித்துரையும் பாஸ்கோவிடம் வேலைசெய்தவர். தொழிற்சாலை கைமாறியபின் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. அன்று காலை வேலைக்குப் போனவர் பாஸ்கோவின் அறையை எட்டிப் பார்த்திருக்கிறார். கட்டில் வெறுமையாக, விரிப்பெல்லாம் உருவிக் கிடந்தது. கதவிலிருந்த பெயர்த்துண்டு இல்லை. யன்னல் அகலத் திறந்திருந்தது. இந்த நாட்டில் சீவன் போனதும் யன்னலைத் திறந்துவிடுவார்கள், ஆன்மா வெளியே போகட்டுமென்று. எத்தனை வருடமாகப் பார்க்கிறார், அவருக்குத் தெரியாதா. நோயாளிகளைப் பற்றித் துப்புரவுக்காரர் விசாரிக்கவும் கூடாது, வெளியே கதைக்கவும் கூடாது. ஆகவே கக்கூசுக்குள் நின்று எடுத்தார்.

"கௌரி, ஷெஃப் மோசம் போயிட்டார். நான் சொன்னதெண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

சிவலிங்கம் உடனே ஆஸ்பத்திரிக்கு அடித்தான். நீங்கள் உறவினரோ என்று கேட்டார்கள். அவரிடம் வேலைசெய்தவன் என்றான். அப்படியானால் தொலைபேசியில் ஒன்றும் சொல்ல முடியாது என்று பண்பாகச் சொல்லிவிட்டார்கள். உயிரோடிருந்தால் மறைப்பானேன், அப்ப உண்மைதான், என்று சிவலிங்கம் முடிவுகட்டினான். கதிரையில் இருந்தான். சொந்தமோ என்று கேட்கிறார்கள் என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஜெயகௌரி இரண்டு அடுப்பையும் நிறுத்தினாள். செத்தவீடென்றால் அடுப்பு எரியக்கூடாது. வெள்ளைக்காரனுக்கு எங்களுக்கு என்ன தீட்டுத் துடக்கு என்று அவளை யாரும் கேட்கவில்லை, அவளும் தன்னைக் கேட்கவில்லை. சட்டியில் மீன் அரைப் பிரட்டலாகக் கிடந்தது. குசினி நிலத்தில் இருந்து, ஒரு அறை குடுக்கேல்லையே பாவி நான், என்று வாய்விட்டு அழுதாள். மாமன் மாமி செத்தபோதுகூட அவள் அப்படி அழுததில்லை. அவர்கள் வன்னியில் இடம்பெயர்ந்து போய்ச் செத்து, செய்தி வந்து சேரும்போது எட்டாம் நாள் சடங்கும் முடிந்து, முப்பத்தொன்றும் முடிந்திருந்தது.

எங்கள் சனத்துக்கு வேறு எதில் சுணக்கம் இருந்தாலும் மரண அறிவித்தலில் சுணக்கம் கிடையாது. மதியத்துக்கு முன்னமே தம்பித்துரை வேலை முடித்து வந்து, தொலைபேசியில் வைத்திருந்த பழைய அறிவித்தல் ஒன்றைத் திறந்து, பெயரை மாற்றத் தொடங்கிவிட்டார். செய்தி கேட்டு ரயிலேறிய மதுஜாவும் வந்து சேர்ந்தாள். படத்துக்குச் சுற்றிவர மல்லிகைப்பூ வைக்கும் வேலை அவளுக்கு. கோர்ன்வாலைப் பிறப்பிடமாகவும், லாங்கன்தாலை வதிவிடமாகவும் கொண்ட தொழிலதிபரும், முன்னாள் போர்வீரரும், கொடைவள்ளலுமாகிய டென்சில் பாஸ்கோ அவர்கள் இன்று காலமானார் என்பதுவரை தண்ணீர்பட்ட பாடு. அன்னார், காலஞ்சென்ற ரூத் அவர்களின் அன்புக் கணவரும், டாம்சின் அவர்களின் பாசமிகு பெரியப்பாவும் ஆவார். அதோடு சரி. முடிந்துவிட்டது.

தம்பித்துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்படி மொட்டையாக ஒரு அறிவித்தலை அவர் போட்டதில்லை. எங்கள் அறிவித்தல் என்றால் மக்கள், மருமக்கள், பேரர், பூட்டர், சகலன், சம்பந்தி என்று படம் ஒரு மூலைக்குத் தள்ளப்படும்வரை ஆள் இருக்க வேண்டும். நண்பர்கள் என்று போடுவோமா என்றார். தொழிலாளர்கள் என்று போடலாமே என்றாள் மதுஜா.

ஜெயகௌரி எழும்பி வந்தாள்.

"எழுதுங்கோ அண்ணை. சிவலிங்கத்தின் அன்புத் தந்தையும், ஜெயகௌரியின் அன்பு மாமனாரும், மதுஜாவின் பாசமிகு அப்பப்பாவும்."

தம்பித்துரை சிவலிங்கத்தைப் பார்த்தார். சிவலிங்கம் பெண்சாதியைப் பார்த்தான்.

"உயிரோடை இருக்கேக்கை ஒரு இடம் குடுக்கேல்லை. இதிலையாவது குடுப்பம். எழுதுங்கோ."

எழுதினார். அனுப்பினார். கால்மணி நேரத்துக்குள் சிவலிங்கத்தின் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. ரெனானிலிருந்து பழைய சகதொழிலாளி சண்முகநாதன் விக்கி விக்கி அழுதான். லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் எடுத்தார்கள். அப்பாவுக்கு எத்தனை வயது, என்ன வருத்தம் என்று கேட்டார்கள். முதலில் இரண்டு பேருக்குச் சிவலிங்கம், சொந்த அப்பா இல்லை, என்று விளக்கம் சொன்னான். பிறகு அதை விட்டுவிட்டான். ஓம் அப்பாதான், இடுப்பு வருத்தம், கடைசியிலை கஷ்டப்படேல்லை, என்று தானாகவே வாயில் வந்தது. தன் தகப்பன் செத்தபோது இப்படி ஒருவரும் எடுத்துக் கேட்க வழியிருக்கவில்லை. ஜெயகௌரி பக்கத்திலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பின்னேரம் முகம் பார்க்க விடுவார்களா என்று கேட்கலாமென்று நாலு பேரும் புறப்பட்டார்கள். சிவலிங்கம் வெள்ளைச் சேட்டு. ஜெயகௌரி நரைநிறச் சீலைக்கு மேல் குளிர்க்கோட்டு. தம்பித்துரை எங்கேயோ சொல்லி வெள்ளைச் செவ்வந்தியில் மாலை எடுப்பித்திருந்தார். ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்த பிள்ளை கணினியைப் பார்த்துவிட்டு, பாஸ்கோ மூன்றாம் மாடி, யன்னல் பக்கம், பார்வையாளர் நேரம்தான் போகலாம் என்றாள். பிரேத அறை நிலவறையில் எல்லோ, மூன்றாம் மாடிக்கு எப்ப மாத்தினவங்கள், என்று லிஃப்டுக்குள் தம்பித்துரை முணுமுணுத்தார்.

மூன்றாம் மாடியில், யன்னல் பக்கத்தில், முழங்காலுக்குப் போர்வை போட்டுக்கொண்டு சாய்கதிரையில் இருந்து, டென்சில் பாஸ்கோ ஆப்பிள் மசியல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

காலையில் இருதயத் துடிப்பு கொஞ்சம் தாறுமாறாக இருந்ததால், மெஷின் பூட்டிப் பார்க்க மேல்மாடிக்கு மாற்றியிருக்கிறார்கள். பழைய அறையைக் கழுவுவதற்கு யன்னலைத் திறந்திருக்கிறார்கள். அவ்வளவுதான் சங்கதி. நாலு பேரும் வாசலில் மரமாக நின்றார்கள். கிழவர் கரண்டியைக் கீழே வைத்தார். தமிழர் செத்தவீடு எத்தனைக்குப் போயிருப்பார், வெள்ளை மாலை என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாதா.

"யாரு போயிட்டா?" என்றார் தன்னுடைய மலாயாத் தமிழில்.

தம்பித்துரை மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். மறைக்கக்கூடிய அளவு மாலையல்ல அது. மதுஜாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, கடைசியில் அவள்தான் இந்த ஊர் ஜெர்மனில் நடந்ததைச் சொன்னாள். பாஸ்கோ சிரித்த சிரிப்பில் மெஷின் கீச்சிட்டு, ஒரு தாதி ஓடிவந்து பார்த்துவிட்டுப் போனாள். செத்தான் என்று கதை வந்தவனுக்கு ஆயுசு கூட என்று எங்கள் ஊரில் சொல்வார்கள் என்று தம்பித்துரை சமாளித்தார். பாஸ்கோ கையை நீட்டி, அந்த அறிவித்தலைக் காட்டச் சொன்னார். காட்டியது போதாதென்று, மதுஜா வரிவரியாக மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டுமென்றார்.

தொழிலதிபர் என்றபோது, இல்லை, கம்பி வளைக்கிறவன் என்றார். போர்வீரர் என்றபோது, இரண்டு வருடத்தில் தான் சுட்டு விழுத்தியது ஒரு தேங்காய் மட்டும்தான், அதுவும் வேறொன்றைக் குறிபார்த்து, என்றார். கொடைவள்ளலுக்கு மதுஜா சொல் தேடித் தவித்து, அளவுக்கு மிஞ்சிக் கொடுக்கிறவர் என்றாள். ரூத்தும் அதைத்தான் குற்றமாகச் சொல்வாள் என்றார். ரூத்தின் கணவர், டாம்சினின் பெரியப்பா என்பதற்குத் தலையாட்டினார். அடுத்த வரியில் மதுஜா நின்றுவிட்டாள். தாயைப் பார்த்தாள். ஜெயகௌரி நிலத்தைப் பார்த்தாள்.

"சொல்லு," என்றார் பாஸ்கோ.

சொன்னாள். தந்தை, மாமனார், அப்பப்பா.

கிழவர் சிரிக்கவில்லை. இதை எழுதியது யார் என்று கேட்டார். தம்பித்துரையின் கை தன்பாட்டில் ஜெயகௌரியைக் காட்டியது. பாஸ்கோ அவள் பக்கம் திரும்பினார். பிறகு, அவளுக்கு விளங்க வேண்டுமென்று ஜெர்மனில் ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"செத்துப்போன எனக்கு உங்கள் வீட்டில் இடம் இருந்திருக்கிறது. உயிரோடு இருக்கிறவனுக்குத்தான் வீடு சின்னது."

அதில் கோபம் ஒரு துளியும் இல்லை, அதனால்தான் தாங்கமுடியவில்லை. சொன்ன கையோடு அவரே கையை விசுக்கி, பகிடி, வெறும் பகிடி என்றார். டாம்சின் நல்ல பிள்ளை, எல்லாம் ஒழுங்குபடுத்தியாயிற்று, அங்கே அறையிலிருந்து கடல் தெரியுமாம் என்றார். அவள் முதியோரைத் தூக்குகிற வேலை செய்கிறவள், வீட்டிலும் ஒரு கிழவன் எதற்கு, சிவலிங்கம் சொன்னது சரிதான் என்று அவளுக்காக அவரே வழக்காடினார். சிவலிங்கம் யன்னலுக்கு வெளியே மூடுபனியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுடைய தோள் குலுங்கியது.

ஜெயகௌரிக்கு அந்த அறையில் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. முகத்தைப் பார்க்க முடியாமல், வேலைப் பழக்கத்தில் அவளுடைய கண் கிழவரின் காலுக்குப் போனது. குனிந்து போர்வையை விலக்கிக் குதிக்காலைத் தொட்டுப் பார்த்தாள். சிவந்திருந்தது. இன்னும் நாலு நாள் இப்படி வைத்திருந்தால் புண்ணாகிவிடும். கட்டிலில் இருந்த தலையணையை இழுத்து, கெண்டைக்காலுக்குக் கீழே கொடுத்து, குதிக்கால் எதிலும் படாமல் தூக்கி வைத்தாள். கால் கனமாயில்லை. இப்படி எத்தனை கால்களைக் கிழமை முழுக்கத் தூக்குகிறாள், அதில் ஒன்றாவது அவள் புருசனைத் திருப்பி அனுப்ப விடமாட்டேனென்று பேர்ன் வாசலில் போய்க் குந்தியிருந்த காலா. அந்த ஆள் அன்று குந்தியிராவிட்டால் கலியாணமும் இல்லை, மதுஜாவும் இல்லை. செத்தவருக்கு மாமா என்று முறை சொல்லிவிட்டாள். உலகம் முழுக்கச் சனம் அதை வாசித்து அழுதுமாயிற்று. உயிரோடு இருக்கிறார் என்பதற்காக முறையை அழிக்க முடியுமா.

நிமிர்ந்தாள்.

"பிள்ளை, டாம்சினுக்கு எடுத்துச் சொல்லு. திங்கக்கிழமை வரட்டும், நான் சமைச்சுப் போடுறன், ரெண்டு நாள் நிண்டு பெரியப்பாவோடை கதைச்சிட்டுத் தனியத் திரும்பிப் போகட்டும். காலமையிலை குளிக்க வாக்கத் தாதிமார் வீட்டுக்கு வருவினம், அதை நான் பதிஞ்சு எடுக்கிறன். பகல் வேலையைக் குறைக்கச் சொல்லிக் கேக்கிறன். ராவிலை இவர், அவற்றை மகன், எழும்பட்டும். நான் எழும்பமாட்டன்."

"அம்மா, யோசிச்சுத்தான் சொல்லுறியளோ?"

"யோசிச்சபடியாத்தானே உவ்வளவு நாளும் இஞ்சை கிடந்தார்."

சிவலிங்கம் திரும்பவில்லை. சேட்டுக் கையால் முகத்தைத் துடைத்தான். தம்பித்துரைக்குத் தொழில் ஞாபகம் வந்துவிட்டது. உலகம் முழுக்கப் போன அறிவித்தலை இனி என்ன செய்வது, மறுப்பு ஒன்று போடவேண்டுமே, என்னவென்று எழுதுவது என்று கேட்டார்.

"ஷெஃப் சாகேல்லை எண்டு போடுங்கோ. மகன் வீட்டிலை இருக்கிறார் எண்டு போடுங்கோ."

மதுஜா கேட்காமலே அதையும் மொழிபெயர்த்தாள். பாஸ்கோ தலையாட்டிக்கொண்டே இருந்தார். கண்ணால் வழிந்ததைத் துடைக்கவில்லை. பட்டாளத்து ஆளல்லவா, கொஞ்ச நேரத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒழுங்குக்கு வந்தார். அந்த அறை யன்னல் ரயில் பாதைப் பக்கமா தோட்டப் பக்கமா என்று விசாரித்தார். தோட்டப் பக்கம் என்றால் கட்டிலை எந்தச் சுவரோடு போடப்போகிறீர்கள் என்றார். தலைமாடு கிழக்கே இருக்கக்கூடாது, காலைவெளிச்சம் கண்ணில் பட வேண்டும் என்றார். லாங்கன்தாலில் எங்கே காலைவெளிச்சம் என்று தம்பித்துரை முணுமுணுத்தார்.

மதுஜா ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்ல, ஜெயகௌரி போர்வையை இழுத்து அவருடைய முழங்காலை மூடினாள்.

"முதல்லை வீட்டுக்கு வாங்கோ, மாமா," என்றாள். "வந்து பாத்திட்டுப் பேந்து பிழை பிடிக்கலாம்."